வீட்டுக்காரர்கள் வரவும்

"கடலோர வீட்டுக்காரர்கள் நேரில் வரவும்."

நான் எழுதியவற்றுள் மிகக் கவனமாக வாசிக்கப்பட்ட வாக்கியம் இது. இருபது வருடத்துக்கு மேல் பத்திரிகை ஒன்றின் பிரதேச நிருபராக இருந்தேன். அந்தச் செய்திகளில் பெரும்பாலானவற்றில் மறுநாள் தேநீர்க் கடைக்காரர் வடை சுற்றிக் கொடுத்துவிட்டார். இந்த நான்கு சொற்களை மட்டும் ஒரு பெண் ஒரு மாதத்துக்கு மேல் தலையணைக்குக் கீழே வைத்திருந்தார்.

உள்ளூராட்சிச் சபை உறுப்பினர்களின் செய்தித்தாளையும் தொலைபேசிக் குழுக்களுக்குப் போகும் அறிவித்தல்களையும் எழுத இந்த வருடம் சேர்ந்திருக்கும் தம்பிமாரும் தங்கச்சிமாருமான நீங்கள் என்னுடைய நல்ல அனுபவங்களை எழுதித் தரச் சொன்னீர்கள். அவை பழைய கோப்புகளில் இருக்கின்றன. வடிகான் துப்புரவு, வாசிகசாலைக் குழு, தெருவிளக்கு, எல்லாம் திகதிவாரியாகக் கட்டி வைக்கப்பட்டிருக்கும். கோப்பில் இல்லாததை நான் எழுதுகிறேன்.

பத்திரிகையை விட்ட பிறகு, எங்கள் கடற்கரைப் பக்கத்து உறுப்பினர் ஒருவருக்கு மாதம் ஒருமுறை செய்தித்தாள் தயாரித்துக் கொடுத்தேன். ஒரு தாள், இரண்டு பக்கம். முன்பக்கம் அவர் அந்த மாதம் செய்தவை. பின்பக்கத்தின் அடியில் 'நீங்களும் வாருங்கள்' என்று ஒரு பெட்டி. எந்தத் தெருவில் சிரமதானம், எந்தக் கூட்டம் எங்கே, யாரிடம் பெயர் கொடுப்பது என்பதெல்லாம் அதில் வரும். போட்டோப் பிரதி எடுத்துக் கடைகளில் வைப்போம். முக்கியமான விடயமென்றால் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள். உறுப்பினர் நல்ல உழைப்பாளி. அப்போது உறுப்பினருக்கு இன்ன தெரு என்று பிரிக்கும் வட்டார முறை இல்லை. ஆனாலும் கடலடித் தெருக்களைத் தன்னுடையவை என்றே நினைத்தார். மழை பெய்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வடிகானுக்குள் இறங்குவார்.

பத்திரிகையில் எனக்கு வேலை பழக்கிய செய்தி ஆசிரியர் இரண்டு விடயங்களைத் திரும்பத் திரும்பச் சொல்வார். ஒரு சொல்லில் முடிவதை மூன்றில் எழுதுகிறவன் வாசகனின் நேரத்தைக் களவெடுக்கிறான் என்பது ஒன்று. செய்தியில் 'யார்' என்பதுதான் முதல் கேள்வி என்பது மற்றது. முதலாவதை நான் நன்றாகக் கற்றுக்கொண்டேன். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

சுனாமியாகக் கடல் வந்து மூன்றாம் மாதம். கரையோரப் பட்டியில் இனி வீடு கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவித்திருந்தது. அங்கே வீடிழந்தவர்களுக்கு உள்ளே, வயல் நிரப்பிய நிலத்தில், காணியும் வீடும் கொடுப்பதாகப் பேச்சு. அதற்குப் பெயர்ப் பட்டியல் வேண்டும். மாவட்டக் கச்சேரிக்கு அனுப்பும் முன் சபையே கூட்டம் வைத்து, உரியவர்களை நேரில் கண்டு, காணி உறுதிப் பத்திரத்தைப் பார்த்துப் பெயர் பதிய வேண்டும் என்று சொன்னார்கள்.

அந்த அறிவித்தலின் வரைவைத் தயாரித்தவர் எங்கள் அலுவலக எழுதுவினைஞர் தவமணி. பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பிலிருந்து சைக்கிளில் வருவார். அவருடைய தெருவிலும் கடல் ஏறியிருந்தது. அவர் எழுதித் தந்தது இது: "கடலோரக் காணியின் உறுதி எவருடைய பெயரில் உள்ளதோ அவர், ஆணோ பெண்ணோ, நேரில் வரவும், வர இயலாதவர் ஆளனுப்பி அறிவித்தால் நாங்கள் அவரிடம் வருவோம்."

பதினெட்டுச் சொற்கள். நான் பேனையை எடுத்தேன்.

"நீளம், தங்கச்சி. மூச்சு வாங்குது."

"நீளமா இருந்தாத்தான் சேர் எல்லாரும் அதுக்குள்ள அடங்குவாங்க."

"வீட்டுக்காரர் எண்டு போட்டா முடிஞ்சுது. உறுதி ஆர்ட பேர்ல இரிக்கோ அவங்கதானே வீட்டுக்காரர்?"

அவர் வாயைத் திறந்து மூடினார். நான் அப்போது அதைக் கவனித்தேன். கவனிப்பது என் தொழில். ஏன் என்று கேட்கவில்லை. பதினெட்டு நான்காயிற்று. மிச்சம் வந்த இடத்தில், அகதி முகாமில் உறுப்பினர் பாய் வழங்கும் படத்தைப் போட்டேன். போட்டோப் பிரதியில் படம் கறுத்து, அவருடைய வெள்ளைச் சேட்டு மட்டும் தெரிந்தது.

உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மகள் பிறந்தால் வாப்பாமார் கல் அடுக்கத் தொடங்குவார்கள். கலியாணம் முடிந்து மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். உறுதியை விரித்தால் அதில் உம்மாவின் பெயர், அதன் பின் மகளின் பெயர். ஆனால் அதே பெண்ணிடம் போய் "வீட்டுக்காரர் எங்கே?" என்று கேட்டுப் பாருங்கள். "கடலுக்குப் போயிட்டாரு" என்பாள். கணவனைப் பெயர் சொல்லி அழைக்காத ஊரில் கணவனுக்கு வைத்த பெயர் அது. நான் அதை அறியாதவன் அல்ல. ஒவ்வொரு நாளும் என் காதில் விழும் சொல்.

கூட்டம் சனிக்கிழமை, பாடசாலை மண்டபத்தில். மண்டபம் நிறைந்துவிட்டது. சாரன், தொப்பி, பின்வரிசையில் பீடி வாசம். தவமணியைத் தவிர ஒரு பெண்ணும் இல்லை. எங்கள் கூட்டங்களில் அது வழமை என்பதால் அதை நான் குறிப்பேட்டில் எழுதவில்லை. பெயர் பதியும் மேசையில் தவமணி ஒருவரிடம், "உறுதி உங்கட பேர்லயா?" என்று கேட்டார். கரைவலை முதலாளி ஒருவரிடம் வேலை செய்யும், வாய் ஓயாத மனிதர் அவர்.

"என்ட பேர்லயா? என்ட பேர்ல ஒரு சைக்கிள்தான் இரிந்தது மிஸ், அதையும் கடல் கொண்டு போயிட்டு. வீடு அவட. 'வீட்டுக்காரர வரட்டாம், கெதியாப் போங்க' எண்டு அவதான் தொப்பியையும் எடுத்துத் தந்து விரட்டினா."

பின்னாலிருந்து ஒருவர் சத்தமாகச் சொன்னார்: "அப்ப நீ வீட்டுக்காரன் இல்லடா மச்சான், வீட்டோட கிடக்கிறவன்!"

மண்டபம் முழுக்கச் சிரித்தது. கடல் வந்த பிறகு அத்தனை பேர் ஒன்றாகச் சிரித்து நான் கேட்டது அன்றுதான். நானும் சிரித்தேன். அதைச் சொல்லுக்குச் சொல் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

தவமணி சிரிக்கவில்லை. வந்திருந்த கணவன்மாரை வீட்டுக்கு அனுப்பி, மனைவியின் உறுதியையும் அடையாள அட்டையையும் எடுத்துவரச் செய்து, மனைவியரின் பெயரையே பதிந்தார். ஆகவே கணவன் உள்ள பெண்களின் பெயர்கள் வந்து சேர்ந்துவிட்டன. கணவன் இல்லாத பெண்கள் யாரை அனுப்பியிருப்பார்கள் என்ற கேள்வி அந்த மண்டபத்தில் எவருக்கும் வரவில்லை. கடல் வந்து மூன்று மாதம். கணவனை இழந்தவர்கள் இத்தாவில் இருந்த காலம் அது. நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியே வராமல் இருக்கும் காலம். அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று ஊருக்கே தெரியும். 'வர இயலாதவர் ஆளனுப்பி அறிவித்தால் நாங்கள் அவரிடம் வருவோம்' என்ற வரி அவர்களுக்காகவே எழுதப்பட்டது. அதை வெட்டியவன் நான்.

அடுத்த இதழின் முன்பக்கத் தலைப்பு: 'ஒரு பெயரும் விடுபடவில்லை.' உறுப்பினருக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. அதே இதழின் ஒரு மூலையில், பெட்டி கட்டி, அந்தச் சைக்கிள்காரரின் பகிடியையும் போட்டிருந்தேன். இன்று அந்த இதழை எடுத்துப் பார்த்தால் பிழையும் அதற்கான சாட்சியும் ஒரே பக்கத்தில், நான்கு விரற்கடை தூரத்தில் இருக்கின்றன. நான் இரண்டையும் அச்சுப்பிழை பார்த்துத் திருத்தினேன்.

ஜெமீலா ராத்தா அலுவலகத்துக்கு வந்தது வைகாசி வெயிலில். வயது பார்க்காமல், அக்கா என்ற மரியாதையில் நான் ராத்தா என்பேன், அண்ணன் என்ற மரியாதையில் அவர் காக்கா என்பார். இத்தா முடிந்து வெளியே இறங்கிய முதல் வாரம். கணவர் மீன் வியாபாரி. அவருடைய ஜனாஸா மூன்றாம் நாள்தான் கிடைத்தது. இரண்டு மகள்மாரோடு உள்ளே, தங்கையின் வீட்டில், ஓர் அறையில் இருந்தார். மூத்த மகளுக்குக் கலியாணம் பேசி முடித்திருந்த வீட்டைத்தான் கடல் அத்திவாரத்தோடு பிடுங்கியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் நல்லவர்கள். புது வீடு கிடைக்கும்வரை பொறுக்கிறோம் என்றிருந்தார்கள். அந்த வீடு அவருக்கு எதுவென்று இதைவிட விளக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

பொலித்தீனில் சுற்றிய உறுதியை மேசையில் வைத்தார். அதன் மேல், நாலாக மடித்த எங்கள் செய்தித்தாள்.

"பட்டியல்ல என்ட பேரு இல்லியாம். கிராம சேவகர் சொன்னார். ஏன் காக்கா?"

"கூட்டத்துக்கு நீங்க வரல்லியே, ராத்தா. ஆளும் அனுப்பல்ல."

அவர் தாளை விரித்தார். மடிப்பில் எழுத்துத் தேய்ந்திருந்தது. விரலை வைத்து வாசித்தார்.

"வீட்டுக்காரர்கள் நேரில் வரவும். நான் மூணு தரம் வாசிச்சன். மூத்தவள் கேட்டாள், 'உம்மா, நம்மளையும்தானே கூப்பிடுறாங்க?' எண்டு. இல்ல மகள், வாப்பாவத்தான் கூப்பிடுறாங்க எண்டன். என்ட வீட்டுக்காரர் மையவாடியில கிடக்காரு. நான் ஆர அனுப்புற?"

நான் அப்போது மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக இலக்கணம் கதைத்தேன்.

"வீட்டுக்காரர் எண்டா வீட்டின் சொந்தக்காரர் எண்டுதான் கருத்து, ராத்தா. ஆணுக்கும் பொதுச் சொல், பெண்ணுக்கும் பொதுச் சொல்."

"நீங்க இரிக்கிற வீடு ஆர்ட வீடு, காக்கா?"

"மனுசிட."

"அவ உங்கள எப்படிச் சொல்லுற?"

பக்கத்து மேசையில் தவமணியின் தட்டச்சு நின்றிருந்தது.

"வீட்டுக்காரர் எண்டு."

"மறுகா என்ன?" என்றார் ஜெமீலா. கோபமாகச் சொல்லவில்லை. கதைக்க ஒன்றும் மிச்சமில்லை என்பதைப்போலச் சொன்னார்.

தவமணி அன்றே அவருக்காக ஒரு முறையீடு எழுதி, ஒப்பம் வாங்கி, மறுநாள் தானே கொண்டுபோனார். பட்டியலுக்குப் பொறுப்பான அதிகாரி பொறுமையாகக் கேட்டாராம். 'உங்கள் அறிவித்தல் தெளிவில்லாமல் இருந்தது, அதனால் இவர் வரவில்லை என்று சபைத் தரப்பில் எழுத்தில் ஒப்புக்கொண்டால் சேர்ப்பதற்கு எனக்கு ஒரு காரணம் கிடைக்கும். அதே செய்தித்தாளில் திருத்தம் போட்டு ஒரு பிரதி அனுப்புங்கள், போதும்' என்றிருக்கிறார். அடுத்த இதழுக்கு இன்னும் ஒரு கிழமை இருந்தது. தேவைப்பட்டது ஒரு வாக்கியம்.

நான் உறுப்பினரிடம் போனேன். அவர் அப்போது தண்ணீர்த் தாங்கி ஒன்றை இறக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை பேர் விடுபட்டிரிக்காங்க, காக்கா?"

"இப்ப தெரிஞ்சது ஒராள்."

"ஒராளுக்காக 'ஒரு பெயரும் விடுபடவில்லை' எண்டதைப் பொய்யாக்கவா? பிழை எண்டு எழுதினா எல்லாரும் அந்தப் பிழையத்தான் வாசிப்பாங்க. மறுகா எதையும் வாசிக்கமாட்டாங்க. தேர்தல் வருது. முடியட்டும். நானே போய்க் கதைக்கிறன்."

அவர் கட்டளையிடவில்லை. என் முகத்தைப் பார்த்து, "என்ன சொல்றீங்க?" என்று கேட்டார். நான் "ஓம்" என்றேன்.

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு இடமில்லை. அவர் சொன்ன காரணத்துக்குக் கீழே என்னுடைய காரணம் ஒன்று இருந்தது. அந்தத் தலைப்பு என்னுடையது. அந்த நான்கு சொற்களும் என்னுடையவை. இருபது வருடம் மற்றவர்களின் பிழைகளைத் திகதியோடு எழுதியவன், என்னுடைய பிழையை நானே தட்டச்சுச் செய்ய வேண்டும் என்றதும், இன்னொருவரின் தேர்தலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். 'இப்ப தெரிஞ்சது ஒராள்' என்று சொன்னதும் அப்படித்தான். இத்தா இருந்த மற்ற வீடுகளுக்குப் போய்க் கேட்டிருந்தால் இன்னும் எத்தனை பேர் என்று தெரிந்திருக்கும். தெரிந்துவிடும் என்பதால் நான் போகவில்லை.

அந்த மாத இதழில், ஜெமீலாவின் வாக்கியம் வரவேண்டிய இடத்தில், 'கடற்கரைத் துப்புரவுப் பணியில் அனைவரும் பங்குபற்றுவோம்' என்று எழுதினேன். தவமணி அதைத் தட்டச்சுச் செய்தார். 'அனைவரும்' என்ற சொல்லில் அவருடைய விரல் ஒரு கணம் நின்றது.

தேர்தல் முடிந்தது. உறுப்பினர் மீண்டும் தெரிவாகி வந்தார். அவர் கதைக்கப் போகவில்லை. நான் ஞாபகப்படுத்தவும் இல்லை. பொறுப்பாக இருந்த அதிகாரி இடம் மாறிப்போனார். முதற்கட்ட வீடுகள் பட்டியல்படி கொடுக்கப்பட்டன. மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பெருநாள் வரை பொறுத்தார்கள். பிறகு ஜெமீலாவின் மூத்த மகளைத் தங்கள் வீட்டுக்கே அழைத்துப் போனார்கள். எங்கள் ஊரில் ஒரு பெண் கலியாணம் முடித்து மாமி வீட்டுக்குப் போய் இருப்பதென்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். அங்கே அவள் தேங்காய் துருவும் சத்தம் கூடினாலும் குறைந்தாலும் அது ஒரு கதையாகும். ஜெமீலா இளைய மகளோடு தங்கையின் வளவில் தகரக் கொட்டில் ஒன்றுக்கு மாறினார். சந்தைக்குப் போகும் வழியில் அந்த வளவு. நான் வேறு வழியால் சந்தைக்குப் போகப் பழகினேன். அது சுற்று வழி. மனைவி ஒருநாள் கேட்டாள், மீன் ஏன் வெயில் பட்டு வருகிறது என்று.

நான்கு வருடம் இப்படிப் போயிற்று.

போர் முடிந்த கிழமை, தெருவில் வெடி கொளுத்தினார்கள். அலுவலகத்தில் தவமணி எழுந்து யன்னலைச் சாத்திவிட்டு வந்து தட்டச்சின் முன் அமர்ந்தார். அவர் அன்று யாரோடும் கதைக்கவில்லை. நானும் என்னவென்று கேட்கவில்லை. அதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உறுப்பினர் சிறப்பிதழ் ஒன்று கேட்டார். பாதைகள் திறக்கின்றன. போரால் போக முடியாமல் கிடந்த உள்ளூர் வயற்காணிகளுக்குத் திரும்ப விரும்புகிறவர்கள் பெயர் பதிய வேண்டும். அதே பாடசாலை மண்டபம். அதேபோல ஒரு சனிக்கிழமை. நான் தாளை எடுத்து எழுதினேன்: 'வயற்காரர்கள் நேரில்...'

"பிறகும் நாலு சொல்லா, சேர்?"

தவமணி என் பக்கம் திரும்பவில்லை. தட்டச்சைப் பார்த்தபடியே கேட்டார்.

எழுதியதை வெட்டினேன். அவருடைய பழைய வரைவைக் கேட்டேன். அவர் இழுப்பறையிலிருந்து எடுத்தார். தேடவில்லை, மேலேயே இருந்தது. கடலோரக் காணி என்ற இடத்தில் வயற்காணி என்று மாற்றி, மிச்சத்தை அப்படியே எழுதினேன். பிறகு அதற்குக் கீழே, சிறிய எழுத்தில், இதைச் சேர்த்தேன்: 'சுனாமி வீட்டுப் பட்டியல் தொடர்பான முன்னைய அறிவித்தலில் தவறு நேர்ந்தமையால் சிலரின் பெயர்கள் விடுபட்டன. வருந்துகிறோம்.'

உறுப்பினரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் வாசித்தார். தலையை ஆட்டினார்.

"இத அப்பவே எழுதியிரிக்கலாமே, காக்கா. ஏன் விட்டீங்க?"

அவருக்கு உண்மையாகவே நினைவில்லை. வேண்டுமென்றே மறந்தவரின் முகம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். இது அந்த முகம் அல்ல. இதழ் வெளிவந்தது. யாரும் கோபப்படவில்லை. தேநீர்க் கடையில் எவரும் அதைப் பற்றிக் கதைக்கவுமில்லை. நான்கு வருடம் நான் பயந்திருந்தது இதற்குத்தான்.

தாளை எடுத்துக்கொண்டு, பழைய வழியால், ஜெமீலாவின் கொட்டிலுக்குப் போனேன். அவர் முற்றத்தில் இடியப்பத் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"பாதை மறந்துபோச்சாக்கும் காக்காக்கு எண்டு நினைச்சன்" என்றார்.

தாளைக் கொடுத்தேன். கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். அதே விரல். அதே வேகம். வாசித்து முடித்துவிட்டு மீண்டும் மேலே போய் வாசித்தார்.

"இத ஆரு எழுதின?"

"நான்தான்."

"தவறு நேர்ந்தமையால் எண்டு போட்டிரிக்கி."

"ஓம்."

"அது தானா வந்து நேர்ந்ததா காக்கா? கடல் மாதிரி?"

கொட்டிலுக்குள்ளிருந்து இளைய மகள் எட்டிப் பார்த்தாள். ஜெமீலா உள்ளே போய் ஒரு பேனையை எடுத்துவந்து, தாளோடு என்னிடம் நீட்டினார். கவிழ்த்திருந்த இடியப்பத் தட்டின் மேல் தாளை வைத்து, அச்சின் கீழே கையால் எழுதினேன்: அந்த அறிவித்தலை எழுதியவன் நான். உறுதி உள்ள பெண்களை அழைத்த வரியை வெட்டியவனும் நான். அதனால்தான் இவர் வரவில்லை. பெயரெழுதி ஒப்பம் வைத்தேன். முழங்கால் ஈரமண்ணில் பட்டு நனைந்திருந்தது எழும்பிய பிறகுதான் தெரிந்தது.

அவர் அதை வாசித்தார். பொலித்தீனை அவிழ்த்து, உறுதியோடு வைத்து, மீண்டும் சுற்றினார். "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றார். குடித்தேன். சீனி போட்டிருந்தார்.

அந்தத் தாளை வைத்துத் தவமணி புதிய முறையீடு ஒன்று எழுதினார். புதிதாக வந்திருந்த அதிகாரிக்குத் தேவைப்பட்டதும் அதே காரணம்தான். அச்சிட்ட வரிகளை அவர் தாண்டிப் போய், கையெழுத்தை வாசித்துத்தான் கேள்வி கேட்டாராம். இரண்டாம் கட்டத்தில் ஜெமீலாவுக்குக் காணி கிடைத்தது. நற்பிட்டிமுனைப் பக்கம், கடல் தெரியாத இடம். வீடும் எழும்பியது. இளைய மகளின் பெயரில் எழுதினார். மூத்தவள் இன்றும் மாமி வீட்டில்தான் இருக்கிறாள். அந்த நான்கு வருடத்தை எந்தக் கட்டத்திலும் எவராலும் கொடுக்க முடியவில்லை. அந்த நான்கு சொற்களால் விடுபட்டவர்கள் வேறு யார் என்று தவமணி வீடு வீடாகப் போய்க் கேட்டார். இந்த முறை நானும் கூடப் போனேன். கதவடியில் நின்று 'அதை எழுதினது நான்தான்' என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்ல வேண்டியிருந்தது. ஐந்தாவது வீட்டில் அது முதல் வீட்டைவிடக் கடினமாக இருந்தது.

இதிலிருந்து உங்களுக்கு என்ன சொல்வது? நான் இப்போதும் சுருக்கத்தை விரும்புகிறவன். ஆனாலும் ஓர் அறிவித்தலை வெட்டும்போது, வெட்டுப்பட்டது சொல்லா ஆளா என்று பாருங்கள். மண்டபம் நிறைந்திருந்தால் எண்ணிக்கையில் மயங்காமல், வராதவர்கள் யாரென்று ஒரு பட்டியல் போடுங்கள். இன்று நீங்கள் தொலைபேசிக் குழுவுக்கு அனுப்புகிறீர்கள். ஊருக்கே போய்விட்டது என்று நினைக்கிறீர்கள். அந்தக் குழுவில் இருக்கும் இலக்கங்கள் எந்தச் சட்டைப்பைகளில் கிடக்கின்றன என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பிழை செய்தால் அடுத்த இதழிலேயே, உங்கள் பெயரோடு, எழுவாய் உள்ள வாக்கியத்தில் எழுதுங்கள். 'நேர்ந்துவிட்டது' என்று எழுதாதீர்கள். 'யார்' என்பதுதான் முதல் கேள்வி என்று என் ஆசிரியர் சொன்னது பிறருடைய செய்திக்கு மட்டுமல்ல என்று புரிய எனக்கு ஓய்வு வயது வந்துவிட்டது.

போன வருடம் ஒரு பின்னேரம், உள்ளே சாய்மனைக் கதிரையில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தேன். முன்வாசலில் ஆள் சத்தம். இளைய மகளுக்குக் கலியாணம் முடிவாகி, சொல்லிவிட்டுப் போக ஜெமீலா வந்திருந்தார். குரல் கேட்டதும் எழும்பப் பார்த்தேன். பத்திரிகையை மடித்து வைத்தேன்.

"வாங்க ராத்தா, வாங்க" என்று என் மனைவி கதவைத் திறந்தாள்.

"வீட்டுக்காரர் இரிக்காரா?" என்று கேட்டார் ஜெமீலா.

அந்த வீட்டின் உறுதி எவருடைய பெயரில் உள்ளதோ அவள், உள்ளே திரும்பிப் பார்த்து, "ஓம், இரிக்காரு" என்றாள்.